தமிழ் உடைந்து தெரிகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கணினியில் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது, எங்கிருந்தோ ஒரு எழுத்துருவை இறக்கி நிறுவுவது. அதில் சரியாகவில்லை என்றால் இன்னொன்று. எழுத்துருப் பட்டியல் நீண்டுகொண்டே போகும், கோப்பு மட்டும் அப்படியே கிடக்கும். எழுத்துருக் கோளாறு என்பது இங்கே வரும் பல கோளாறுகளில் ஒன்றுதான். மற்றவை கோப்பைச் சேமித்த இடத்திலோ, திறந்த இடத்திலோ, நடுவில் கடந்துவந்த தரவுத்தளத்திலோ நடந்தவை. எங்கே நடந்தது என்பதைத் திரையில் தெரியும் கோலமே சொல்லிவிடும். எனவே முதலில் பார்க்க வேண்டியது, எழுத்து எப்படி உடைந்திருக்கிறது என்பதைத்தான்.

அதற்கும் முன்னால் ஒன்று: உடைந்து தெரியும் கோப்பைச் சேமிக்காதீர்கள். மூடும்போது 'மாற்றங்களைச் சேமிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தவறாகத் திறந்த கோப்பை மீட்டுவிடலாம். தவறாகத் திறந்து, அப்படியே சேமித்த கோப்பு பல நேரம் திரும்பி வராது.

எழுத்துக்குப் பதில் காலிக் கட்டங்கள்

இது ஒன்றுதான் உண்மையிலேயே எழுத்துருக் கோளாறு. தரவு பத்திரமாக இருக்கிறது, வரைந்து காட்டத்தான் ஆள் இல்லை.

விண்டோஸ் 2000 முதல் லதா எழுத்துரு உடன் வந்தது, விண்டோஸ் 7-இல் விஜயா சேர்ந்தது, விண்டோஸ் 8-இல் நிர்மலா யுஐ. விண்டோஸ் 10 வந்தபோது லதாவையும் விஜயாவையும் விருப்பத் தொகுப்பாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் புதிதாக நிறுவிய கணினியில் நிர்மலா மட்டுமே இருக்கும். லதாவில் அமைத்த பழைய வேர்டு கோப்பு வேறு மாதிரித் தெரிவதும், பக்க எண்ணிக்கை மாறிப்போவதும் இதனால்தான். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, அங்கே தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். லினக்ஸில் லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போதும்.

எல்லாம் சரியாக இருந்து ஒன்றிரண்டு எழுத்து மட்டும் கட்டமாக வந்தால், அவை யூனிகோடில், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரத்தில், பிற்பாடு சேர்ந்தவையாக இருக்கலாம். ஶ என்ற எழுத்து 2005-இல்தான் சேர்ந்தது. பழைய பின்ன அளவுக் குறிகள் 2019-இல், அதுவும் தமிழின் வழக்கமான பகுதிக்கு வெளியே வெகு தொலைவில். பழைய எழுத்துருக்களுக்கு இவை தெரியாது.

தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர்

தமிழுக்குப் பதிலாக ஆங்கிலச் சிற்றெழுத்து ஏ, அதன் தலையில் ஒரு சாய்கோடு, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி, மறுபடியும் அதே ஏ, அதே ஆர் என்று வரிசையாக வருகிறதா? நல்ல செய்தி. உங்கள் தமிழ் யுடிஎஃப்-8-இல் முழுசாக இருக்கிறது. யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை, அதாவது குறியாக்கம், அது. படித்த மென்பொருள்தான் அதை விண்டோஸின் பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையான 1252 என்று நினைத்துப் படித்திருக்கிறது.

ஏன் எப்போதும் அதே ஏ, அதே ஆர்? யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, அது 1252 அட்டவணையில் சாய்கோடு போட்ட ஏ. இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று: உயிர், மெய், கால், இகரக் கொக்கி வரை வட்டத்துக்குள் ஆர், ஈகாரக் கொக்கியிலிருந்து புள்ளி வரை உயரத்தில் ஒரு சிறு கோடு. மூன்றாவது பைட்தான் எந்த எழுத்து என்று சொல்கிறது. 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. பதினைந்து பைட். எனவே ஐந்து ஏ வரும், எண்ணிப் பாருங்கள்.

கோப்பு என்றால் விஎஸ் கோடு என்ற நிரல் திருத்தியில் திறந்து, கீழே வலது மூலையில் இருக்கும் குறியாக்கப் பெயரைச் சொடுக்கி, 'ரீஓப்பன் வித் என்கோடிங்' மூலம் யுடிஎஃப்-8 என்று கொடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'சேவ் வித் என்கோடிங்' வேறு வேலை, அதைத் தொட வேண்டாம். இணையப் பக்கம் என்றால் ஃபயர்ஃபாக்ஸின் வியூ மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' இருக்கிறது. குரோமில் இதற்கான மெனுவை எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

பக்கம் உங்களுடையதா? அப்படியென்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். மெட்டா சார்செட் வரி பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே நீளமான விளக்கக் குறிப்போ ஸ்கிரிப்டோ வந்து உட்கார்ந்தால் உலாவி அதைக் கவனிக்காமல் போகலாம். அந்த வரி சரியாக இருந்தும் உடைகிறது என்றால், சர்வர் அனுப்பும் கன்டென்ட்-டைப் தலைப்பில் வேறு குறியாக்கம் எழுதியிருக்கும். இரண்டும் முரண்பட்டால் உலாவி சர்வர் பேச்சைத்தான் கேட்கும். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கோப்பு கையில் இல்லை, யாரோ மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிய அந்தக் குப்பைதான் இருக்கிறது என்றால் மீட்பது கொஞ்சம் சிரமம். 1252 அட்டவணையில் ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே கிடையாது. நம் கெட்ட நேரம், அவற்றில் நான்கு தமிழில் தேவைப்படுகின்றன: புள்ளி, உகரக் குறி, தமிழ் உயிரெழுத்துகளான ஏ, ஐ. கண்ணுக்குத் தெரியாத குறிகளாக அவை தொங்கிக்கொண்டிருக்கும், வெட்டி ஒட்டும்போது முதலில் உதிர்வதும் அவைதான். மாற்றிக்கொடுக்கும் கருவியில் போட்டபின் மெய்யெழுத்துகள் புள்ளியில்லாமல், உகரம் இல்லாமல் வந்தால் காரணம் இதுதான். அதற்குமேல் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை, மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

எக்செலில் திறந்தால் மட்டும் குப்பை

மேலே சொன்ன அதே கோளாறுதான். ஆனால் அலுவலகங்களில் மிக அதிகமாகத் தமிழைப் பலி வாங்குவது எக்செல் என்பதால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காற்புள்ளியால் பிரித்த வெறும் உரையாகத் தரவைச் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். காலியான எக்செலைத் திறந்து, டேட்டா தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' கொடுத்து, ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் யுடிஎஃப்-8-இன் எண். முன்னோட்டத்திலேயே தமிழ் தெளிந்துவிடும். கூகுள் ஷீட்ஸ் இந்தப் பாடெல்லாம் படுத்தாது. லிபர்ஆபிஸ் திறக்கும்போதே எந்தக் குறியாக்கம் என்று கேட்டுவிடும். எக்செலும் கேட்டிருந்தால் இந்தப் பத்திக்கே வேலை இல்லை.

சேமிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 'சேவ் ஆஸ்' பட்டியலில் சிஎஸ்வி என்ற பெயரில் பல உண்டு. வெறும் 'சிஎஸ்வி கமா டிலிமிட்டட்' என்பதைத் தேர்ந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாக எழுதப்பட்டுவிடும். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத்தான் எடுக்க வேண்டும். பழைய எக்செலில் அது இல்லை. அப்போது எக்செல் கோப்பாகவே சேமித்து, கூகுள் ஷீட்ஸ் வழியாக சிஎஸ்வி ஆக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தளத்திலிருந்து வாடிக்கையாளர்கள் சிஎஸ்வி இறக்குகிறார்கள் என்றால், கோப்பின் தொடக்கத்தில் பாம் எனப்படும் மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்து அனுப்புங்கள். எக்செல் அதைப் பார்த்து யுடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும், நேரடியாகச் சொடுக்கினாலும் சரியாகத் திறக்கும். ஆனால் அதே கோப்பை உங்கள் நிரல் திரும்பப் படிக்கும்போது முதல் நெடுவரிசையின் பெயரோடு அந்த அடையாளம் ஒட்டிக்கொண்டு வரும், 'பெயர் என்ற நெடுவரிசையே இல்லை' என்று பிழை காட்டும். படிக்கும் இடத்தில் உரித்துவிடுங்கள். பிஎச்பி நிரல் கோப்புகளில் பாம் வேண்டவே வேண்டாம், தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்ற புகழ்பெற்ற பிழைக்கு அதுவும் ஒரு காரணம்.

வரிசையாகக் கேள்விக்குறி

இது கெட்ட செய்தி. குப்பை எழுத்து என்றால் பைட்டுகள் இருக்கின்றன, படித்ததில்தான் பிழை. கேள்விக்குறி என்றால் மென்பொருள் தமிழுக்கு இடமே இல்லாத அட்டவணையில் எழுத முயன்று, எழுத முடியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு முடித்துவிட்டது. 'தமிழ்' ஐந்து கேள்விக்குறியாகிவிட்டால் அதிலிருந்து தமிழை எந்தக் கருவியாலும் எடுக்க முடியாது. காப்பு நகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் பதறுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். சந்தேகத்துக்குரிய வரிசையை, பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் செயற்கூறு வழியாகப் பாருங்கள்.

3எஃப், 3எஃப் என்று போனால் உள்ளே இருப்பதே கேள்விக்குறிதான், போனது போனதுதான். ஈ0 ஏஈ என்று தொடங்கினால் தரவு சுத்தமாக இருக்கிறது. இணைப்பின் குறியாக்கம்தான் தவறு, நிரலில் இணைத்தவுடன் யுடிஎஃப்8எம்பி4 என்று அமைத்தால் சரியாகிவிடும். சி3 ஏ0 சி2 ஏஈ என்று தொடங்கினால் இருமுறை குறியாக்கம் நடந்திருக்கிறது: யுடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன் எழுத்துகள் என்று நம்பி அவற்றை மறுபடி யுடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறது. இதை மீட்கலாம். நெடுவரிசையை முதலில் லத்தீன்1-க்கு மாற்றி, அங்கிருந்து பைனரி வகைக்கு மாற்றி, அப்புறம் யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்ற வேண்டும். நடுவில் பைனரியை விட்டுவிட்டால் தரவுத்தளம் புத்திசாலித்தனமாக மறுபடி மொழிபெயர்த்துக் கெடுக்கும். முதலில் நகல் அட்டவணையில் செய்து பாருங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் வெறும் யுடிஎஃப்8 என்று நெடுங்காலம் இருந்தது மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் மூன்று பைட் என்பதால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் தமிழோடு ஒரு சிரிப்புப் பொம்மையைச் சேர்த்து யாராவது கருத்து எழுதினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எம்பி4 வகையை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. 8.0 பதிப்பு முதல் அதுவே இயல்பாக வருகிறது.

விண்டோஸில் பைத்தான் எழுதுகிறவர்களுக்கு இதே கதை 'சார்மேப்' என்ற பெயரில் பிழையாக வரும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள், சோம்பல் பட வேண்டாம்.

ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

உடைந்த ஐரோப்பிய எழுத்து இல்லை, சாதாரண ஆங்கில எழுத்துகளே பொருளில்லாமல் வருகின்றன. 'ஜே கே பி ஓ' என்று நான்கு சிற்றெழுத்தும் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் கண்ணில் பட்டால், அது பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல். ஈழத்துக் கோப்புகளிலும் புலம்பெயர்ந்தோர் வெளியீடுகளிலும் நிறையப் பார்க்கலாம். இங்கே கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதன்மேல் தமிழ் வேடம் போட்டது. பாமினியை நிறுவினால் படிக்கலாம், ஆனால் தேட முடியாது, தளத்தில் ஏற்ற முடியாது. யூனிகோடுக்கு மாற்றுவதே வழி.

தமிழக அரசு அலுவலகக் கோப்புகளில் வானவில், அச்சகங்களில் வேறு வேறு, இணையத்தின் ஆரம்ப காலப் பக்கங்களில் திஸ்கி, 1999 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று ஊருக்கு ஒரு குறியாக்கம் இருந்தது. 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. எந்தக் குறியாக்கம் என்று தெரியாவிட்டால் வேர்டில் அந்த வரியில் கர்சரை வைத்து எழுத்துருப் பெயரைப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே விடை. என்எச்எம் கன்வர்ட்டர் இவற்றில் பலவற்றை மாற்றும்.

ஆங்கிலமும் தமிழும் கலந்த கோப்பை மட்டும் மொத்தமாகக் கொட்டாதீர்கள். திஸ்கியில் தமிழ் அட்டவணையின் மேல் பாதியில் இருப்பதால் ஆங்கிலம் தப்பிக்கும். பாமினியில் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால், முகவரியில் உள்ள ஆங்கிலப் பெயரும் 'தமிழாகி' விடும். வேர்டின் தேடும் பெட்டியில் எழுத்துரு பாமினி என்று வடிகட்டி, அந்தத் துண்டுகளை மட்டும் மாற்றுங்கள்.

பார்க்கச் சரி, தேடினால் கிடைப்பதில்லை

இதுதான் எல்லாவற்றிலும் விஷமமானது. திரையில் 'அவர்' என்று தெளிவாக இருக்கிறது, 'அவர்' என்று தேடினால் இல்லை என்கிறது.

அந்தச் சொல்லை நோட்பேடில் ஒட்டி, கடைசியில் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். புள்ளி மட்டும் போகும். மிச்சம் 'அவர' என்று நின்றால் சொல் நல்ல சொல். 'அவா' என்று காலோடு நின்றால், அங்கே ரகரமே கிடையாது. யாரோ துணைக்காலின் மேல் புள்ளி வைத்திருக்கிறார்கள். பழைய எழுத்துருக்களில் ர், ரி, ரீ ஆகியவற்றைக் காலை வைத்தே வரைவார்கள், பார்வைக்கு வித்தியாசம் இல்லை. அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய கருவிகள் காலைக் காலாகவே மாற்றிவிட்டன. செய்தித் தளங்களில்கூட இன்றைக்கும் இந்த 'ா்' தாராளமாகக் கிடைக்கிறது. சில எழுத்துருக்களில் நடுவே புள்ளிவட்டம் தெரிந்து காட்டிக்கொடுக்கும், பலவற்றில் தெரியாது.

தீர்வு எளிது. துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ கொக்கியோ வருவது தமிழில் நடக்கவே நடக்காது. எனவே 'ா்' என்பதை 'ர்' என்றும், 'ாி' என்பதை 'ரி' என்றும், 'ாீ' என்பதை 'ரீ' என்றும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். 'பாா்' என்பதில்கூட இரண்டாவது கால்தான் மாறும், முதலாவது பிழைக்கும். நோட்பேட்++ அல்லது விஎஸ் கோடில் செய்யுங்கள்.

அடுத்தது ஔகாரம். 'கௌரவம்' என்பதை ஒற்றைக் கொம்பு, க, ளகரம் என்று அடித்து 'கெளரவம்' ஆக்குவது பரவலான பழக்கம். மௌனம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால், ஔவையார் எல்லாமே இதில் மாட்டும். இங்கே கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது, 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் கெட்டுப்போகும். அந்த ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம், விட்டுவிடுங்கள். வெறும் ளகரமாக நின்றால் சந்தேகப்படுங்கள். பேச்சுத் தமிழில் 'வெளங்கும்' என்று எழுதுகிறவர்கள் இருப்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது நல்லது.

மூன்றாவது ஸ்ரீ. இதை ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். விசைப்பலகைக்கு ஏற்ப மாறுவதால், உறுப்பினர் பட்டியலில் ஸ்ரீதர் ஒருவர் இருப்பார், தேடலில் இருக்க மாட்டார். தேடல் அட்டவணை கட்டும்போதே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

'என்எஃப்சி இயல்பாக்கம் செய்தால் போதாதா?' என்று நிரலர்கள் கேட்பார்கள். அது செய்யும் வேலை வேறு. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளைச் சிலர் கொம்பு தனி, பின்பாதி தனி என்று இரண்டு குறியில் சேமித்திருப்பார்கள், அதை ஒரே குறியாக்கும். பழைய மேக் கணினிகளின் கோப்புப் பெயர்கள் இப்படிப் பிரிந்து வந்து, 'கோவில்' என்ற படம் சர்வரில் இருந்தும் 404 காட்டுவதை அது சரிசெய்யும். மேலே சொன்ன மூன்றையும் அது தொடாது. அவை யூனிகோடின் கண்ணில் வெவ்வேறு எழுத்துகள்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது

'கெ' என்று அடித்தால் க முதலிலும் கொம்பு பின்னாலும் நிற்கிறது, ஒகரம் சிதறுகிறது. மென்பொருள் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைகிறது, தமிழுக்கு அடுக்கிப் போடும் வேலையைச் செய்யவில்லை. இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவில் அடோபி வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பு இருக்கும். இங்க்ஸ்கேப்பில் எதுவும் செய்ய வேண்டாம்.

நிரல் வழியாகப் பிடிஎஃப் உருவாக்குகிறவர்களுக்கும் இதே தொல்லை. டாம்பிடிஎஃப், ஜேஎஸ்பிடிஎஃப் போன்றவற்றில் எந்தத் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் கொம்பு இடம் மாறாது. எம்பிடிஎஃப் அடுக்கத் தெரிந்தது. அதைவிட நிம்மதி, பக்கத்தை எச்டிஎம்எல்லாக அமைத்து, திரையில்லா குரோமில் அச்சிட்டு எடுப்பது. உலாவியில் சரியாகத் தெரிந்தால் பிடிஎஃப்பிலும் சரியாக வரும்.

எழுத்து பாதியில் வெட்டுப்படுகிறது, எண்ணிக்கை பொருந்தவில்லை

மீனாட்சிசுந்தரம் என்ற பெயரில் ஒன்பது எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 16 என்று சொல்லும். படிவத்தில் பெயருக்கு 15 என்று எல்லை வைத்திருந்தால் மகர மெய் புள்ளியை இழக்கும். முன்னோட்டத்துக்காகப் பத்தியை வெட்டும்போது 'கொ' வெறும் 'க' ஆவதும் இதனால்தான். உலாவிகளில் இப்போது இன்டில் செக்மென்டர் இருக்கிறது, எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டை மட்டும் இரண்டிரண்டாக எண்ணும். பைத்தானில் ஓப்பன்-தமிழ் நூலகம் உண்டு.

குறுஞ்செய்திக்கும் இதே கணக்கு. ஆங்கிலத்தில் 160 என்றால் தமிழில் 70, அதுவும் குறிகளின் கணக்கில். 'வணக்கம்' என்று தொடங்கினாலே ஏழு போய்விட்டது.

பிடிஎஃப்பில் நன்றாக இருக்கிறது, நகலெடுத்தால் சிதறுகிறது

பிடிஎஃப்பில் இருப்பது வரையப்பட்ட வடிவங்கள். எந்த வடிவம் எந்த எழுத்து என்ற அட்டவணை உள்ளே சரியாக இல்லாவிட்டால் நகலெடுக்கும்போது கொம்புகள் முன்பின்னாகும், சில எழுத்துகள் மறையும். இதைத் திருத்த உட்காருவது வீண் வேலை. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும். கணினியிலேயே செய்ய, இதே வேலையைச் செய்யும் டெசராக்ட் என்ற மென்பொருளில் தமிழ்த் தரவுக் கோப்பு இருக்கிறது. பக்கங்கள் நிறைய இருந்தால் அதுதான் வசதி. நீங்களே பிடிஎஃப் தயாரித்து அனுப்புகிறீர்கள் என்றால், அனுப்பும் முன் அதிலிருந்து ஒகரமும் ஓகாரமும் வரும் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.